‘மாட்டுப்பட்டன்’ என்று அவர் சொன்னார்

1

என் மகள் ஆரணி ஒஸ்லோவில் மொழியியல் படிக்கிறாள். போன இலையுதிர்கால விடுமுறைக்கு பேர்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு வேலையோடு வந்தாள். வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மொழியில், ஒருவர் இக்கட்டில் இருப்பதைச் சொல்லும் வழக்குகளைச் சேர்க்க வேண்டுமாம். பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது என்றும் எழுத வேண்டுமாம். பாதித் தமிழிலும் பாதி நோர்வே மொழியிலும் இதைச் சொல்லிவிட்டு, குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

மகள் என்னிடம் ஒன்றைக் கேட்டுக் கனகாலம். பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களிலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பெற்றோர் கூட்டத்தில் நான் பேசியதை வீட்டுக்கு வந்து திருத்துவாள். ‘அப்பா, அந்தச் சொல்லை அப்பிடிச் சொன்னால் அது வேற கருத்து’ என்பாள். ஆகவே அன்று அவள் கேட்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வெளியே வழக்கமான மழை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு தொடங்கினேன்.

முதலில் நோர்வேக்காரரின் வழக்கு ஒன்றை அவளே சொன்னாள். ஏமாந்துபோய் வகையாக அகப்பட்டு நிற்பவனை, ‘தபாற்பெட்டிக்குள் தாடி சிக்க நிற்கிறான்’ என்பார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னோடு வேலை செய்த ஒருவன் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னபோது, அவனுக்குத் தாடியே இல்லையே என்று நான் முழித்தது நினைவுக்கு வந்தது. ஆரணி நெடுநேரம் சிரித்தாள். எங்களுக்குள் அப்படி ஒரு பொழுது அமைந்து எத்தனையோ காலம்.

பிறகு என் முறை. இருதலைக் கொள்ளி எறும்பு. ஒரு குச்சி இரண்டு பக்கமும் எரிகிறது, நடுவில் எறும்பு. அது பழைய பாட்டுக்காரர் காலத்து உவமை என்று சொன்னேன். ஆப்பிழுத்த குரங்கு. பிளந்த மரத்துக்குள் தச்சன் செருகி வைத்த ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் வால் நசுங்கிய கதை. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது. கன்னத்தில் கை வைத்தால் என்ன என்று கேட்டாள். கவலைப்பட்டு உட்கார்ந்திருப்பவன் அப்படித்தான் இருப்பான் என்று செய்து காட்டினேன்.

அந்தரம் என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. ஊரில் ‘அந்தரப்பட்டு நிக்கிறன்’ என்றால் பெரிய அவசரத்திலோ துன்பத்திலோ நிற்கிறேன் என்று கருத்து. அந்தரம் என்றால் ஆகாயம், இடைவெளி. மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் தொங்குவது. ‘நல்ல சொல்’ என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தட்டினாள்.

அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்தில் வியாழன் என்ற பழமொழியையும் சொன்னேன். சாதகத்தில் எட்டாமிடத்துச் சனி ஆட்டிப்படைக்கும், ஒன்பதாமிடத்து வியாழன் அள்ளிக் கொடுக்கும். பலர் சேர்ந்து செய்ததற்கு அகப்பட்ட ஒருவன் முழுப் பழியையும் சுமக்கிறான். தப்பி ஓடியவன் சுகமாக இருக்கிறான். அகப்படுதல் என்றால் உள்ளே விழுவது, அதைத்தான் நாங்கள் ஊரில் அம்பிட்டது என்கிறோம் என்றும் விளக்கினேன். எனக்கு என் மேலேயே மதிப்பு வந்துகொண்டிருந்தது.

2

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. தெரியாது என்று சொல்ல வாய் வராது.

இந்த நாட்டுக்கு வருமுன் ஊரில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு நொத்தாரிசிடம் தட்டெழுத்து வேலை செய்தேன். காணி உறுதிகளில் ‘யாதொரு வில்லங்கமும் இல்லாத’ என்ற தொடரை எத்தனை தரம் தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருநாள் காணி எழுத வந்த ஒரு ஐயா, வில்லங்கம் எண்டால் என்ன தம்பி, எங்கயிருந்து வந்த சொல்லு என்று கேட்டார். கைக்குப் போடும் விலங்கிலிருந்து வந்தது என்று உடனே சொன்னேன். அப்படி எங்கும் நான் படித்ததில்லை. அந்த நிமிடம் உதித்தது. அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

ஆரணிக்கும் அதையே சொன்னேன். அவள் அகராதிகளைத் தேடிப் பார்த்துவிட்டு, இது உறுதியாகத் தெரியவில்லையே அப்பா, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். அவள் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டாள்.

கடைசியில் மாட்டுப்படுதல் என்ற சொல்லுக்கு வந்தோம். மாட்டுவது என்றால் கொளுவுவது. வலையில் மீன் செவுளால் மாட்டுப்படும். முன்னுக்குப் போக உடம்பு விடாது, பின்னுக்கு இழுக்கச் செவுள் விடாது. அதிலிருந்து மனிதருக்கும் வந்தது. ‘ஒரு வசனம் சொல்லுங்கோ’ என்றாள். யோசிக்காமலே என் வாயில் வந்தது:

“அவன்ர பிரச்சினைக்குள்ள நானும் மாட்டுப்பட்டுப் போனன்.”

தட்டிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். அப்படியென்றால் அதைச் சொல்பவரைப் பிடித்து அடைத்தார்களா, அல்லது அவர் அந்தச் சிக்கலுக்குள் இழுபட்டாரா என்று கேட்டாள். இரண்டுக்கும் அந்தச் சொல் வரும் என்றேன். அவள் விடவில்லை. “அப்ப இதை மொழிபெயர்க்கிற ஆள் என்ன செய்ய வேணும்?”

அந்த வசனம் நான் சோடித்தது அல்ல. ஏழு வருடங்களுக்கு முன் உப்புவெளியிலிருந்து வந்த ஒருவர் என் பக்கத்தில் இருந்து சொன்னது.

3

நான் பகலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவன். அழைப்பு வந்த நாட்களில் மொழிபெயர்ப்பாளனாகவும் இருந்தேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சில வேளைகளில் தஞ்சம் கேட்டு வருபவர்களின் நேர்காணல். அங்கு கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் கட்டளை. இங்கே எழுதுவது அந்த மனிதரின் சம்மதத்தோடு. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவருக்கு யோகன் என்று வைத்துக்கொள்வோம்.

யோகனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கடற்தொழிலாளி, படகு இயந்திரம் திருத்தவும் தெரிந்தவர். என்னைக் கண்டதும், நானும் திருகோணமலை, லிங்கநகர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிய விதம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அதுவரை ஒடுங்கிப்போய் இருந்தவர் கதிரையில் சாய்ந்து இருந்தார்.

அவருடைய கதை இதுதான். அவருடைய கூட்டாளி ஒருவன் அவரிடம் படகை இரவலாக வாங்கிக்கொண்டு போனான். படகு மட்டும் கரைக்கு வந்தது, கூட்டாளி வரவில்லை. அவன் எதில் சம்பந்தப்பட்டிருந்தான் என்று யோகனுக்குத் தெரியாது. ஆனால் அவனைத் தேடியவர்கள் யோகன் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒருதரம், இரண்டுதரம், பிறகு வாரத்துக்கு ஒருதரம். அவர் மூதூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் ஒளிந்திருந்தார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. பிடிக்கும் முன் நாட்டை விட்டு வந்துவிட்டார். இதைச் சொல்லும்போதுதான் அந்த வசனம் வந்தது. “அவன்ர பிரச்சினைக்குள்ள நானும் மாட்டுப்பட்டுப் போனன், அண்ணை. அதுக்குப் பிறகு வீட்டில இருக்க ஏலாமல் போச்சு.”

எனக்கு அன்று அது மூன்றாவது வேலை. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அந்தப் பிரச்சினையில் என்னையும் பிடித்தார்கள் என்று நோர்வே மொழியில் சொன்னேன். அதிகாரி அதைத் தட்டினார். மரியாதையான பெண், இடையில் குறுக்கிட மாட்டார். சொல் இரு பொருள்படும் என்று தோன்றினால், பொறுங்கள், இவரிடம் ஒன்றை உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது. எங்களுக்கு அதைத்தான் முதலில் படிப்பித்தார்கள். சொல்லும்போது அது தோன்றவில்லை. அது ஒரு பிழை. பிழை யாருக்கும் வரும். அதற்காக நான் இவ்வளவு எழுதவும் தேவையில்லை.

நேர்காணல் முடிவில், எழுதப்பட்டதை மொழிபெயர்ப்பாளன் தமிழில் திருப்பி வாசிக்க வேண்டும். பிழை இருந்தால் அப்போதே திருத்தலாம். நான் வாசித்துக்கொண்டு வந்தேன். ‘என்னையும் பிடித்தார்கள்’ என்ற வரியில் என் கண் நின்றது. நின்றது என்பது உண்மை. எனக்கு விளங்கியது.

அந்த ஒரு நிமிடத்துக்குள் என்னவெல்லாமோ யோசித்தேன். அதற்கு முதற் கிழமை வேறொரு நேர்காணலில் என் பிழை ஒன்றைத் திருத்த வேண்டி வந்தது, அதிகாரி ஒருவர் முகம் சுளித்திருந்தார். அடுத்த மாதம் மேல் தரத்துக்கான பரீட்சை இருந்தது. இரண்டாவது தரமும் ‘நான் பிழை விட்டேன்’ என்று சொன்னால் இவனுக்குத் தமிழே தெரியாது என்று நினைப்பார்கள். அதோடு இது ஒரு வரிதானே, எத்தனையோ பக்கங்களுக்குள் ஒரு வரி.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த வரியைத் தமிழில் வாசிக்கும்போது, பிடித்தார்கள் என்று வாசிக்கவில்லை. ‘நானும் மாட்டுப்பட்டுப் போனன்’ என்று வாசித்தேன். அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். கடதாசியில் வேறு இருந்தது.

யோகன் தலையாட்டினார். ஓம், சரி என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். வெளியே போகும்போது என் கையைப் பிடித்து, நீங்கள் இருந்தபடியால்தான் மனம் விட்டுக் கதைத்தேன் என்றார். எங்களுக்குக் கைகுலுக்கக்கூட அனுமதி இல்லை என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன்.

4

இரண்டாவது நேர்காணலுக்கு வேறொருவர் மொழிபெயர்த்தார். எத்தனை நாள் அடைத்து வைத்திருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என்னை ஒருத்தரும் பிடிக்கவில்லையே என்று யோகன் சொல்லியிருக்கிறார். முதல் நாள் பிடித்தார்கள் என்றவர் இப்போது இல்லை என்கிறார். தனக்கு நடந்ததையே மாற்றிச் சொல்பவரின் மற்றக் கதையை எப்படி நம்புவது. தஞ்சம் மறுக்கப்பட்டது.

இதெல்லாம் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேர்கனில் தமிழர் கூடுகிற கோவில் ஒன்று இருக்கிறது, மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துவது. யோகனின் மனைவியின் தமையன் குகன் அங்கே எல்லாருக்கும் தெரிந்தவர். யோகனை இந்த நாட்டுக்கு அழைத்ததும் வீட்டில் வைத்துப் பார்த்ததும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சப்பாத்துப் போடும் இடத்தில் யோகன் என்னை மறித்தார். கையில் மறுப்புக் கடிதம். அதில் ஒரு வரியைக் காட்டினார். யாரோ அவருக்கு வாசித்துச் சொல்லியிருந்தார்கள்.

“அண்ணை, நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள். பிடிச்சவங்கள் எண்டு நான் எப்ப சொன்னனான்?”

மேன்முறையீட்டுக்கு இன்னும் நாட்கள் இருந்தன. நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். குகன் நாலடி தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கு நின்ற எல்லாருடைய பிள்ளைகளும் என் மனைவியிடம் தமிழ் படிக்கிறவர்கள். நான் யோகனிடம், இதைப் பற்றி நான் கதைக்கக்கூடாது, சட்டம் அப்படி, நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள் என்றேன். சட்டம் அப்படித்தான். ஆனால் நான் அன்று அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சில மாதங்களில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குகன் அதற்குப் பிறகு யோகனோடு பேசவில்லை. தனக்கும் ஒரு பொய்க் கதை, அதிகாரிக்கும் ஒரு பொய்க் கதை சொல்லி, கிடைக்க இருந்ததைக் கெடுத்துக்கொண்டார் என்பது அவருடைய எண்ணம். ஒருமுறை என் முன்னாலேயே அதைச் சொன்னார். நான் ‘உம்’ கொட்டினேன். ஆம், உம் கொட்டினேன்.

5

இதையெல்லாம் அன்று குசினியில் ஆரணிக்குச் சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. கேள்வி அவளிடமிருந்து வந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். அவள் தமிழில் பின்தங்கியவள், எனக்கு விளங்கும் வேகத்தில் அவளுக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு சொல்லும் தவறாமல் விளங்கிக்கொண்டாள்.

அவருக்குத் தெரியுமா என்று நோர்வே மொழியில் கேட்டாள். இல்லை என்றேன். கணினியை மூடினாள். திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இந்த நாட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்லியிருப்பேன். அதற்கு அவள் இடம் வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ரயிலுக்கு வெளிக்கிடும்போது, “அந்தச் சொல்லை நான் போடேல்லை, அப்பா” என்று மட்டும் சொன்னாள்.

ஆரணிக்குச் சொன்ன அன்று பின்னேரமே மனைவிக்கும் சொன்னேன். குகன் வீட்டாரின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்றுதான் அவள் முதலில் கேட்டாள். சிறிது நேரம் கழித்து, அந்த மனிதன் பாவம் என்றாள்.

அந்தக் கிழமையே நேர்காணல் நடத்திய அலுவலகத்துக்கு எழுதினேன். என்ன சொன்னார், என்ன மொழிபெயர்த்தேன், திருப்பி வாசிக்கும்போது தெரிந்தும் மறைத்தேன். மூன்று பந்தி. எழுத மூன்று நாள் எடுத்தது. ‘தெரிந்தும்’ என்ற சொல்லைப் போடுவதும் அழிப்பதுமாக இருந்தேன். பதில் வந்தது. உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது, வழக்கு முடிந்துவிட்டது, திரும்பப் பார்க்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவரே கேட்க வேண்டும் என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்கும்படி நானே கேட்டுக்கொண்டேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. எப்படியும் எடுத்திருப்பார்கள்.

சம்பந்தப்பட்டவருக்குச் சொல்வதுதான் மிச்சம் இருந்தது. தொலைபேசியில் சொல்லலாம் என்று நினைத்தேன். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத வழி என்பதால்தான் அப்படி நினைத்தேன் என்று பிறகு விளங்கியது.

6

தை மாதம் அக்காவின் மகளின் கலியாணத்துக்குத் திருகோணமலைக்குப் போனேன். கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் காலை, லிங்கநகரிலிருந்து அக்காவின் மருமகனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். கலியாணத்துக்கு முதலே போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு இருந்தது.

வீடு தெரியாது. சந்தியில் ஒரு கடையில், படகு இயந்திரம் திருத்துகிற யோகன் என்று கேட்டேன். கடைக்காரர் வழியைச் சொல்லிவிட்டு, எந்த யோகன் என்று எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்: வெளிநாட்டில பொய் சொல்லி அம்பிட்டுத் திரும்பி வந்தவர். அதில் அவருக்கு ஒரு பகையும் இல்லை. ஊரில் ஒருவருக்கு அடையாளம் சொல்வது போலத்தான் சொன்னார். இவ்வளவு வருடமாக யோகனுக்கு அதுதான் அடையாளம்.

வீட்டுப் பக்கத்தில் தகரக் கொட்டிலுக்குள், கட்டையில் பூட்டிய இயந்திரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலைமயிர் நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் பயந்தபடி நடக்கவில்லை, அதைவிட மோசமாக நடந்தது. அவர் சந்தோசப்பட்டார். மனைவியைக் கூப்பிட்டு, இவர்தான் அங்கே எனக்காகக் கதைத்த அண்ணை என்றார். மனைவி பவானி கும்பிட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார். ஒரு கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டார் யோகன்.

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் யாரோ ஒருவரின் கோப்பை வாசிப்பது போல இருந்தது.

அவர் கைகளைப் பழைய துணி ஒன்றில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“வாசிச்சுக் காட்டேக்குள்ள உங்களுக்கு அது தெரியுமா?”

“ஓம்.”

“கோயில்ல நான் வந்து கேட்ட அண்டைக்கு?”

“ஓம். அண்டைக்கும் தெரியும்.”

என் கடிதத்தின் பிரதியையும் அலுவலகத்தின் பதிலையும் நீட்டினேன். திரும்பப் பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், எழுத வேண்டியதை நான் எழுதித் தருகிறேன், நேரில் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் வாங்கி, மேலோட்டமாகப் பார்த்து, இயந்திர மூடியின் மேல் வைத்தார். அங்கே வர இப்போது தனக்கு விருப்பமில்லை என்றார். தான் திரும்பி வந்த முதல் வருடம், முன்பு தேடியவர்கள் இரண்டு தரம் வந்தார்களாம், பிறகு விட்டுவிட்டார்களாம். இரண்டு பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள், தொழில் இருக்கிறது என்றார்.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். “அதை இப்ப என்னட்டக் கேக்காதேங்கோ, அண்ணை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ‘அண்ணை’ என்பதை அவர் விடவும் இல்லை. அதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

தன்னுடைய தொலைபேசியை எடுத்து ஒரு இலக்கத்தைத் தேடினார். “மச்சானிட்டச் சொல்லுங்கோ” என்று என் கையில் தந்தார்.

எனக்கு விளங்கியது. குகன் அறிந்தால் பேர்கனில் எல்லாரும் அறிவார்கள். திரும்பிப் போய், ஆறுதலாக, தனியாகக் கண்டு சொல்கிறேன் என்று சொல்ல நா எழுந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். அழுத்தினேன்.

அங்கே அப்போது இன்னும் விடிந்திருக்காது. குகன் முதலில் எடுக்கவில்லை. யோகன் மறுபடி அடிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் எடுத்தவர் யோகனின் பெயரைப் பார்த்து ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், தங்கச்சிக்கு என்ன என்று பதறிக் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி, நான் யார் என்று சொல்லி, மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினேன். இரண்டாம் தரம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

நான் முடித்ததும் குகன் சொன்னார்: “ஏழு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் பக்கத்தில நிண்டு தேவாரம் படிச்சிருக்கிறியள்.”

நான் ஓம் என்றேன். போனை யோகனிடம் கொடுக்கச் சொன்னார்.

அவர்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. யோகன் பெரும்பாலும் ‘உம்’, ‘ஓம் மச்சான்’, ‘பரவாயில்லை’ என்றுதான் சொன்னார். இடையில் ஒருதரம், அங்கே இப்பவும் மழையா என்று கேட்டார். பிள்ளைகளின் வயதைச் சொன்னார். நான் தென்னைக்குக் கீழே போய் நின்றேன். எனக்குக் கேட்கக்கூடாத கதை அது. ஆனாலும் கேட்டது.

போனை வைத்துவிட்டு அவர் திரும்பியபோது பவானி குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேத்தண்ணித் தட்டு கையில் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. என்னை ஏதாவது சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாகவும் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. புருசனைப் பார்த்துத்தான் சொன்னார்.

“குகன் அண்ணை சொன்னதைத்தான் நானும் நம்பினனான். நீங்கள் பொய் சொல்லித்தான் திரும்பி வந்தனீங்கள் எண்டு.”

யோகன் கையிலிருந்த துணியை மடித்து இயந்திரத்தின் மேல் வைத்தார்.

“தெரியும்” என்றார்.